பீன்ஸ் ஜாடிக்கு 116 டிகிரி ஏன் வேண்டும்?

2015 ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லங்காஸ்டர் என்ற ஊரின் தேவாலயம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை விருந்து நடந்தது. ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து, எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்து. சாப்பிட்டவர்களில் 29 பேரை பாட்டுலிசம் என்ற நச்சு நோய் தாக்கியது. ஒருவர் இறந்துபோனார். நோய்க்குக் காரணம் உருளைக்கிழங்கு சாலட் என்று விசாரணையில் தெரிந்தது. அதில் போட்ட கிழங்கு, வீட்டிலேயே கண்ணாடி ஜாடியில் அடைத்துச் சேமித்து வைத்தது. ஜாடிகளை மூடிக் கொதிநீரில் வேகவைத்துத்தான் எடுத்திருந்தார்கள். பிறகு எங்கே தப்பு நடந்தது?

கேனிங் என்று அங்கே சொல்லும் இந்த வேலையைப் பார்ப்போம். காயை நறுக்கி ஜாடியில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மேலே சுமார் ஓர் அங்குல இடம் விட்டு மூட வேண்டும். மூடி இரண்டு பாகம். தட்டையான தகடு ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ளும் திருகு வளையம் ஒன்று. தகட்டின் ஓரத்தில் ரப்பர் போன்ற ஒரு பூச்சு இருக்கும். வளையத்தை இறுக்கித் திருகக் கூடாது, விரல் நுனியால் திருகினால் போதும். ஜாடி சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து, அந்தப் பூச்சின் ஓரமாகக் கசிந்து வெளியேறும். ஆறும்போது உள்ளே மிஞ்சிய நீராவி மறுபடி தண்ணீராகி அழுத்தம் இறங்கிவிடும். வெளிக்காற்று தகட்டை உள்நோக்கி அழுத்த, ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு அதன் நடுப்பகுதி குழிந்து ஒட்டிக்கொள்ளும். ஜாடிக்குள் இனி காற்றும் போகாது, கிருமியும் போகாது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. மண்ணில் எங்கும் இருக்கிறது, காயோடு கூடவே வீட்டுக்கு வருகிறது. சாதாரணமாக நமக்கு அதனால் தொந்தரவு இல்லை. காற்றை வெளியேற்றி, ஈரமும் ஊட்டமும் உள்ள இடத்தில் அறைச்சூட்டில் மாதக்கணக்கில் அதை அடைத்து வைத்தால், அது தழைக்க நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் வேகவைக்கும்போதே அது செத்துவிடாதா? வளர்ந்த பாக்டீரியா சாகும், அதன் ஸ்போர் சாகாது. சூழ்நிலை மோசமானால் இந்த பாக்டீரியா தன் மரபுப்பொருளைப் பல அடுக்கு உறைக்குள் சுருட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பெருமளவு வெளியேற்றிவிட்டு உறங்கும். அதுதான் ஸ்போர். வெப்பம் ஓர் உயிரின் புரதங்களைச் சிதைக்க ஈரம் வேண்டும். உள்ளே ஈரம் குறைவு என்பதால் 100 டிகிரி அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. ஊட்டி போன்ற மலையூரில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, அமிலம் குறைந்த காய்களைக் கொதிநீரிலேயே பாதுகாப்பாக்க 7 முதல் 11 மணி நேரம் ஆகும். அத்தனை நேரம் வெந்தால் காய் காயாகவா இருக்கும்?

அதனால்தான் அழுத்தம் தேவைப்படுகிறது. பிரஷர் கேனர் என்ற பெரிய பாத்திரத்தில் (சதுர அங்குலத்துக்கு) 10 பவுண்டு அழுத்தம் ஏற்றினால், கடல்மட்டத்து ஊர்களில் உள்ளே சுமார் 116 டிகிரி கிடைக்கும். இந்தச் சூட்டில் அரை லிட்டர் பீன்ஸ் ஜாடிக்கு 20 நிமிடம் போதும், ஒரு லிட்டர் ஜாடிக்கு 25 நிமிடம். உயரமான ஊர்களில் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் அவசரத்தில் விட்டுவிடும் ஒரு படி உண்டு: வெயிட்டைப் போடும் முன் 10 நிமிடம் ஆவியைத் தாராளமாக வெளியேறவிட வேண்டும். கேனரில் உள்ள அழுத்தமானி காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான், சூட்டை அல்ல. உள்ளே காற்று தங்கிவிட்டால் அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுடையது. முள் 10 பவுண்டைக் காட்டும், ஆனால் சூடு 116 டிகிரிக்குக் கீழேதான் நிற்கும்.

நேரம் காய்க்குக் காய் மாறுவதும் காரணமில்லாமல் இல்லை. பீன்ஸ் ஜாடியில் துண்டுகளுக்கு இடையே தண்ணீர் சுழன்று சூட்டை நடுவரை கொண்டுபோகும். பரங்கிக்காய்த் துண்டுகள் வெந்து குழைவதால் அந்தச் சுழற்சி மந்தமாகும்; அதே அரை லிட்டர் ஜாடிக்கு 55 நிமிடம் சொல்லியிருக்கிறார்கள். மசித்த பரங்கிக்காயை வீட்டில் கேனிங் செய்யவே கூடாது. குழைவாக இருப்பதால் ஜாடியின் நடுப்பகுதி எப்போது சூடாகும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சரி, ஊறுகாயும் தக்காளியும்? அங்கே அமிலம் காவல் காக்கிறது. புளிப்பை அளக்கும் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்த ஸ்போர் முளைக்காது. வினிகரில் ஊறவைத்த காய்க்குக் கொதிநீர் போதும் என்பது இதனால்தான். தக்காளி இந்த எல்லைக்கோட்டின் மேலும் கீழுமாக நிற்கும் காய், அதை நம்ப முடியாது. அரை லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி, ஒரு லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள், அதுவும் கடையில் விற்கும் பாட்டில் சாறு. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், பாட்டில் சாற்றில் அது ஒரே அளவில் இருக்கும். பூண்டில் புளிப்பு குறைவு என்பதை மறந்துவிடாதீர்கள். 1985இல் கனடாவின் வான்கூவரில், ஓர் உணவகம் பயன்படுத்திய எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு 36 பேருக்கு பாட்டுலிசத்தைத் தந்தது. எண்ணெய் காற்றைத் தடுத்தது, அமிலம் எதுவும் இல்லை. நம் ஊர் பூண்டு ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் உப்பும் சேர்வது ருசிக்கு மட்டுமல்ல.

நம் வீட்டு குக்கரில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் வெயிட் 15 பவுண்டு அழுத்தம் வரை தாங்கும், சூடு 120 டிகிரியைத் தொடும். ஆனாலும் வேண்டாம். சோதித்து வகுத்த நேரங்கள் எல்லாம் பெரிய கேனருக்கானவை; அது மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் நேரமும் அந்தக் கணக்கில் அடக்கம். சின்ன குக்கர் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும். விசிலைத் தூக்கி ஆவியை விட்டால் ஜாடிக்குள் இருக்கும் தண்ணீர் பீறிட்டு வெளியே வந்துவிடும், அப்புறம் மூடி ஒட்டாது.

“எங்கள் பாட்டி காலமெல்லாம் வெந்நீரில்தான் செய்தார், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எல்லா ஜாடியிலும் ஸ்போர் முளைத்துவிடுவதில்லை. முளைத்த ஜாடி எது என்பதுதான் பார்த்தால் தெரியாது. மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ ருசி பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். ஆனால் நிறமோ மணமோ மாறாமலும் நஞ்சு இருக்கலாம். ஸ்போரைப் போல் இந்த நஞ்சு முரடல்ல. அது வெறும் புரதம், 10 நிமிடம் கொதித்தால் சிதைந்துவிடும். வீட்டில் கேனிங் செய்த காயைப் பரிமாறும் முன் அப்படிக் கொதிக்கவைப்பது நல்ல வழக்கம். கேனிங்கின்போது கொடுக்காமல் விட்ட சூட்டை அது ஈடுகட்டிவிடும் என்று மட்டும் நினைக்கக் கூடாது.

நஞ்சு உடலுக்குள் போய்விட்டால், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது மறித்துவிடும். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் இமை தொங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. பிறகு தளர்ச்சி மெல்லக் கீழே இறங்கி மூச்சுத் தசைகளைப் பிடிக்கும். காய்ச்சல் பொதுவாக இருக்காது. மருத்துவமனைக்குப் போனதும் ஜாடிக் காய் சாப்பிட்டதை முதலில் சொல்லிவிட வேண்டும். நச்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சை மட்டுமே பிடிக்கும், நரம்பில் ஏற்கெனவே ஒட்டிவிட்டதை எடுக்க அதனால் ஆகாது.