அறுவையிடை இயக்குநீர் அளவறிதல்

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் என் பெரியம்மாவுக்குக் கழுத்தில் அறுவை என்று முடிவானபோது, கையெழுத்திட வேண்டிய படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டுமே இருந்தது. கன்னடப் பகுதியைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொல்ல, ‘கிரந்தி’ என்ற சொல்லைக் கேட்டதும் பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. கன்னடத்தில் அது சுரப்பியைக் குறிக்கும். நம் நாட்டு வைத்தியத்தில் அது மேகப்புண் என்ற பால்வினை நோய்க்கும் பெயர். “எனக்கு எப்படிப்பா கிரந்தி வரும்?” என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கமே, ஆங்கிலத்தில் ‘இன்ட்ராஆப்பரேட்டிவ் பாராதைராய்டு ஹார்மோன் மானிட்டரிங்’ எனப்படும் சோதனைக்கு நான் ஏன் தலைப்பிலுள்ள பெயரைத் தேர்ந்தேன் என்பதோடு, இங்கே சற்று விரிந்திருக்கிறது.

அறுவை நடக்கவிருந்தது பாராதைராய்டு சுரப்பியில். கிரேக்கத்தில் ‘தைரியோஸ்’ என்பது பெரிய கேடயம். ‘பாரா’ என்றால் அருகில். இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தின் உடலில் இச்சுரப்பியை ஆங்கில உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1850இல் கண்டு எழுதினார். மனித உடலில் அதை விவரித்து 1880இல் இப்பெயரைச் சூட்டியவர் சுவீடனைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம். அவர் சொன்னது சுரப்பி இருக்கும் இடத்தை மட்டுமே, அதன் வேலையை அன்று. ஆகவே சிலர் எழுதும் ‘துணைத் தைராய்டு’ என்பதை நான் ஏற்பதில்லை. அது தைராய்டுக்கு உதவும் சுரப்பி என்று எண்ணவைத்துவிடும். பெரியம்மாவும் “தைராய்டுக்கு மாத்திரை போதாதா?” என்றுதான் முதலில் கேட்டார். பெரும்பாலும் நான்காக, அரிசி மணியளவில் தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் இவை இரத்தத்தின் கால்சியத்தைக் காப்பவை. ‘இணைகேடயச் சுரப்பி’ என்பது அருகிருத்தலை மட்டும் சொல்வதால் பொருந்துகிறது. அளவுக்கு மீறிச் சுரக்கும் நிலையை ‘மிகைச் சுரப்பு’ எனலாம்.

ஹார்மோன் என்ற சொல்லை 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங், ‘தூண்டி எழுப்புதல்’ என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து எடுத்தார். ‘வளரூக்கி’ என்ற பெயர்ப்பு இங்கே தவறாகவே முடியும்: எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து இரத்தத்தில் சேர்க்கும் இச்சுரப்பியின் நீர் மிகுந்தால் எலும்பு வலுவிழக்குமே தவிர வளராது. ‘இயக்குநீர்’ என்பதே சரி.

ஆங்கிலப் பெயரின் கடைசிச் சொல்லான ‘மானிட்டரிங்’ என்பதற்குப் பலரும் ‘கண்காணிப்பு’ என்று எழுதுகிறார்கள். இதயத்துடிப்பை இடைவிடாமல் திரையில் பார்ப்பதற்கு அது பொருந்தும். இங்கே நடப்பது வேறு. கழுத்தைத் திறக்குமுன் ஒரு முறையும், சுரப்பியைப் பிரித்தெடுக்குமுன் மற்றொரு முறையும், எடுத்தபின் 10ஆம் நிமிடத்திலும் இரத்தம் எடுத்து, இந்நீரை அளக்கும் விரைவுச் சோதனையின் முடிவு வரும்வரை அறுவை அரங்கில் காத்திருக்கிறார்கள். முன்னிரண்டில் உயர்ந்த அளவு 240 என்றால், 10ஆம் நிமிடத்தில் அது பாதிக்கு, அதாவது 120க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் மிகையாகச் சுரக்கும் வேறொரு சுரப்பி உள்ளே இருக்கலாம் என்று தேடலைத் தொடர்கிறார்கள். மயாமி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் இர்வின் வளர்த்தெடுத்த இம்முறை, அந்நீர் இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகக் கரைந்துவிடுவதால்தான் பலிக்கிறது. தைராய்டின் தைராக்சின் பாதியாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதை வைத்து அரங்கிலேயே முடிவெடுக்க இயலாது. குறித்த நேரங்களில் அளந்து அறிவதே இச்செயலின் உயிர் என்பதால் ‘அளவறிதல்’ என்கிறேன். அறுவைக்கு நடுவே என்பதற்கு ‘அறுவையிடை’ என்பது இயல்பாகவே அமைகிறது.

படிவத்தின் பின்புறத்தில் “கழுத்திலுள்ள கால்சியச் சுரப்பியை எடுத்தபின் அதன் நீர் பாதிக்குக் கீழே இறங்கியதா என்று அங்கேயே அளந்து பார்ப்பார்கள்” என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். பெரியம்மா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். மறுநாள் மயக்கம் தெளிந்ததும் அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை, “பாதிக்குக் கீழே இறங்கிச்சாப்பா?” என்றுதான் கேட்டார். இறங்கியிருந்தது.