ஹீ-மேன் ஏன் ஒரே மாதிரி ஓடினான்?

2021ல் நெட்ஃபிளிக்ஸில் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்: ரெவலேஷன்’ என்ற பெயரில் கார்ட்டூன் வீரன் ஹீ-மேன் திரும்பி வந்தபோது, பழைய தொடரில் ஊறியவர்கள் கதையைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். எனக்குக் கதையைவிடச் சுவாரசியமாகப் பட்டது, இரண்டு ஹீ-மேன்களும் அசையும் விதம்.

படச்சுருளில் நொடிக்கு 24 படங்கள். 22 நிமிட அத்தியாயம் என்றால் 31,680. ஒரே ஓவியத்தை இரண்டு தடவை படம்பிடித்தாலும் 15,840 ஓவியம் வேண்டும். 1983ல் பழைய தொடரை எடுத்த ஃபில்மேஷன் நிறுவனம் ஒரு சீசனுக்கு 65 அத்தியாயம் தயாரித்தது. அத்தனையையும் வரைந்து மாளுமா? அதனால், மாறுவதை மட்டும் வரைந்தார்கள். பின்னணி ஒரு தடவை தீட்டியது. உடம்பு ஒரு கண்ணாடித் தாளில், வாய் இன்னொன்றில். பேசும்போது வாய்த்தாள் மட்டும் மாறும். ஓடுவது, பாய்வது, குத்துவிடுவது எல்லாம் ஒருமுறை வரைந்து பத்திரப்படுத்தியவை. நிஜ ஆளைப் படமெடுத்து அதன்மேல் வரைகிற ரோட்டோஸ்கோப் முறை அவற்றில் கலந்திருந்ததால், விறைத்து நிற்கிற ஹீ-மேன் ஓடத் தொடங்கினால் மட்டும் உடம்பில் பாரம் தெரியும்.

“மாமா, இவன் போன கதையிலயும் இப்படித்தானே ஓடினான், காடு மட்டும்தானே வேற?” என்றான் அக்கா மகன். சரியாகப் பிடித்துவிட்டான்.

இத்தனை சிக்கனத்திலும் படம் ஓடுவதற்கு நம் மூளைதான் காரணம். தகுந்த இடைவெளியில் அடுத்தடுத்துக் காட்டினால், இரண்டு நிலைப்படங்களுக்கு நடுவே இல்லாத அசைவை மூளையே போட்டுக்கொள்ளும். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். அப்புறம், இளவரசன் ஆடம் வாளைத் தூக்கி ஹீ-மேனாக உருமாறும் அந்தக் காட்சி! செலவை மிச்சம் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போட்டது, பிள்ளைகள் காத்திருந்து பார்க்கிற சடங்காகிப்போனது.

நட்டம் முகத்தில்தான். கோபமோ துக்கமோ, புருவம் ஏறும், இறங்கும், அவ்வளவுதான். புதிய தொடர் ஜெயிப்பதும் அங்கேதான். முதல் அத்தியாயத்திலேயே ஹீ-மேன் சாகிறான். அதன்பின் கதையைச் சுமப்பவள் அவன் தோழி டீலா. ஆடம்தான் ஹீ-மேன் என்ற ரகசியத்தைத் தன்னிடம் இத்தனை காலம் மறைத்தார்களே என்ற அவள் ஆத்திரம் முகத்தில் நிற்கிறது. பழைய வாய்த்தாளால் அது முடிந்திருக்காது. குறை, அவசரம். முதல் பாகத்தின் ஐந்தே அத்தியாயங்களில் பாதாளமும் சொர்க்கமும் பார்த்தாகிவிடுகிறது, துக்கப்பட நேரமில்லை. போதாததற்கு எங்கு பார்த்தாலும் பொறி, புகை, மின்னல்.

அந்த மின்னலுக்கு இலங்கை மலைநாட்டில் தனி விலை உண்டு. மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்து லயத்து வாசலில் நின்று போனில் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: ஹீ-மேன் உருமாறும் நேரம் பார்த்துப் படம் சதுரம் சதுரமாகச் சிதறும். வீடியோவைச் சுருக்கி அனுப்புகிற கோடெக் செய்வதும் ஃபில்மேஷன் வேலைதான். எப்போதாவது ஒரு முழுப்படம். மற்ற நேரமெல்லாம், முன்னதிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டும். பின்னணி அப்படியே இருந்து வாய் மட்டும் அசைந்தால் அனுப்ப வேண்டியது கொஞ்சம். காட்சி பக்கவாட்டில் நகர்ந்தாலும், ‘இந்தக் கட்டம் இவ்வளவு தள்ளிப்போனது’ என்று சொல்லிவிட்டால் போதும். மின்னலிலும் புகையிலும் ஒவ்வொரு படமும் புதுசு. முந்தியதிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. சிக்னல் மெலிந்தால் நுணுக்கத்தைக் கைவிட்டுக் கட்டத்தைத்தான் அனுப்பும்.

அதனால் புதிய தொடர் பார்க்கிறவர்கள், ஹட்டன் டவுனுக்குப் போகும்போது வைஃபையில் நல்ல தரத்தில் இறக்கிக்கொண்டு வருவது நல்லது. பழையதற்கு அந்தச் சிரமம் அவ்வளவாக இல்லை.