சிமெண்ட் மூட்டையும் கரியமில வாயுவும்

கரியமில வாயு கூடுகிறது என்றதும் லாரிப் புகையும் அனல் மின் நிலையமும்தான் நினைவுக்கு வருகின்றன. தப்பில்லை, பெரும்பங்கு நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு எரிப்பதால் வருவதுதான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. ஹவாயின் மௌனா லோவா மலையில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. அதே இடத்தில் 2024-ன் சராசரி 424.

இதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. நான் கட்டடப் பொறியாளன். மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 சதவீதம் சிமெண்டால் வருகிறது.

ஆலைக்குச் சோலார் போட்டால் சரியாகிவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஆகாது. வாயு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல். அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சூளையில் போடுகிறோம். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையை எதை வைத்துச் சூடாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. சூளைக்குள் 1450 டிகிரி வரை சூடேற்ற எரிக்கும் எரிபொருளின் புகை தனி. இரண்டையும் சேர்த்தால், சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட், அதாவது ஓபிசி, 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ வாயு.

ஆக, குறைக்க வேண்டியது கிளிங்கரின் அளவை, அதாவது சூளையில் வெந்து வரும், அரைத்தால் சிமெண்டாகும் கட்டிகளின் அளவை. அதற்கு வழி கடையிலேயே இருக்கிறது. பிபிசி என்ற போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்டில் கிளிங்கருக்குப் பதிலாக 35 சதவீதம் வரை அனல் மின் நிலையச் சாம்பல் சேர்க்கலாம். ஆனால் வீட்டுக்காரர், “சாம்பல் கலந்ததா? வேண்டாம் சார், 53 கிரேடே போடுங்க” என்பார். 53 கிரேடு என்பது ஓபிசி. சாம்பல் என்றாலே கலப்படம் என்று நினைப்பு. அந்தச் சாம்பலே நிலக்கரி எரித்து வந்ததுதானே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் சாம்பல் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, சும்மா கிடப்பதைவிடக் கட்டடத்துக்குள் போகட்டும். சாதாரண வீட்டுக்குப் பிபிசி தாராளமாகப் போதும். உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் ஓபிசியைவிட நல்லது என்பேன்.

ஒரே சிக்கல், அது மெதுவாகத்தான் இறுகும். ஓபிசிக்கு 7 நாள் தண்ணீர் காட்டினால் போதும், இதற்குக் குறைந்தது 10 நாள். வெயில் கொளுத்தினால் இன்னும் கூட. அதைச் செய்யாமல் சிமெண்டைக் குறை சொல்வதுதான் நடக்கிறது.

இன்னொரு வீணடிப்பு கலவை போடும் இடத்தில். தள்ளச் சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவார்கள், அப்புறம் பலம் குறையுமே என்று இன்னும் அரை மூட்டை சிமெண்ட் கொட்டுவார்கள். தண்ணீரை அளந்து ஊற்றினால் அந்த அரை மூட்டையே தேவையில்லை.

கான்கிரீட் கரியமில வாயுவைத் திரும்ப உறிஞ்சுமாமே என்றும் கேட்கிறார்கள். உறிஞ்சும், ஒரு பகுதியை, பல பத்தாண்டுகளில். அது உள்ளே கம்பிவரை எட்டினால் துருப் பிடிக்கும் என்பதால் அதை ஆசைப்பட முடியாது.

மூட்டையில் ஐஎஸ் 1489 என்று அச்சிட்டிருந்தால் அது பிபிசி. கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுக்கம்புகளைப் பிரிக்கக் கூடுதல் நாள் ஆகும் என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.