இறுக்க இறுக்கக் கசியும் மாஸ்க்

போன மாதம் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு ஆண்ட்டி வந்தார். மூக்குத்தண்டின் மேல் பத்து சென்ட் நாணய அளவுக்குச் சிவந்த புண். இரண்டு கன்னத்திலும் பட்டை அழுத்திய தடம். காலையில் எழுந்து நாலு மணி நேரம் ஆகியும் மறையவில்லை. தூங்கும்போது மூச்சு மெஷினோடு போட்டுக்கொள்ளும் மாஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார், திருப்பிக் கொடுத்துவிடும் எண்ணத்தோடு.

"இன்னும் எவ்வளவுதான் இறுக்கறது தம்பி? இறுக்க இறுக்க காத்து கண்ணுக்குள்ள போகுது."

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் தூக்கப் பரிசோதனைப் பிரிவில் டெக்னாலஜிஸ்டாக இருக்கிறேன். ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு சி-பாப் மெஷின் பொருத்திக் கொடுப்பது என் வேலையில் பாதி. மெஷின் பழுதாகி வருகிறவர்கள் குறைவு. மாஸ்க் பிடிக்காமல் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆறு மாதம் கழித்து டாக்டர் திட்டியதால் வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பெரும்பாலானோர் செய்திருக்கும் தவறு ஒன்றேதான்: காற்று கசிந்தது, பட்டையை இழுத்தார்கள், இன்னும் கசிந்தது, இன்னும் இழுத்தார்கள்.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்வதுதான் இந்த நோய். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மூச்சு வெகுவாகக் குறைவதையும் சேர்த்து, மணிக்கு 5 முறை முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது என்பார்கள். மெஷின் செய்வது எளிய வேலை. காற்றை லேசாக அழுத்தி அனுப்பி அந்தப் பாதை மூடாமல் பிடித்து வைக்கிறது.

லேசாக என்றால் எவ்வளவு? மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை தரும். ஒரு சொம்புத் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதிக் குமிழி வரவழைத்துப் பாருங்கள். பத்து என்ற அழுத்தம் அவ்வளவுதான். குழந்தை விளையாட்டாக ஊதிவிடும். அந்தக் காற்றைத் தடுக்க மண்டையைக் கட்டிப்போடத் தேவையே இல்லை.

வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆவி ஏற ஏற, அந்த ஆவிதான் கேஸ்கெட்டை மூடியோடு ஒட்டவைக்கிறது. பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி போனால் யாராவது மூடியைக் கயிறு போட்டுக் கட்டுவார்களா? கேஸ்கெட்டைக் கழுவிப் போடுவோம், இல்லை புதிது வாங்குவோம். மாஸ்க்கும் அப்படித்தான். ஓரத்தில் சிலிக்கானில் மெல்லிய இதழ் ஒன்று இருக்கிறது. உள்ளிருந்து வரும் காற்று அந்த இதழை உப்பச் செய்து முகத்தோடு படியவைக்கும். பட்டையை இறுக்கினால் இதழ் நசுங்கி மடிந்துவிடும். மடிப்பு விழுந்த இடம் வழியாகக் காற்று பீய்ச்சும். ஆண்ட்டிக்கு மடிப்பு விழுந்தது கண்ணோரத்தில்.

மாஸ்க்கைப் பசை போட்டு ஒட்டிய காலமும் இருந்தது. 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இந்தச் சிகிச்சையை முதலில் செய்து பார்த்தபோது, மாஸ்க்கைச் சிலிக்கான் பசை போட்டு மூக்கில் ஒட்டினார்கள். காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். ஆரம்பகாலத்தில் வீட்டுக்கு எடுத்துப்போனவர்களும் இரவுதோறும் இப்படி ஒட்டிக்கொண்டுதான் படுத்தார்கள். பட்டை உறுத்துகிறது என்று யாராவது அலுத்துக்கொண்டால் இந்தக் கதையை எடுத்துவிடுவேன். ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை, ஆனால் சிரிப்பார்கள்.

சரி, ஆண்ட்டிக்கு வருவோம். மாஸ்க் வாங்கிய கடையில் நாற்காலியில் உட்காரவைத்து, மெஷினை ஓட்டாமலே மாஸ்க்கை மாட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். இப்படிப் பொருத்தினால் நூற்றுக்குப் பாதி பேருக்கு இரவில் கசியும் என்பது என் அனுபவக் கணக்கு. உட்கார்ந்திருக்கும்போது கன்னச் சதை கீழே தொங்கும். படுத்ததும் அது காதுப் பக்கம் சரிந்துவிடும். தாடை பின்னால் போகும். உட்கார்ந்தபோது இருந்த முகம் வேறு, படுத்த முகம் வேறு. அதனால் என் அறையில் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். வருகிறவர்களை முடிந்தால் வீட்டுத் தலையணையோடு வரச் சொல்வேன். ஒருக்களித்துப் படுப்பவரென்றால் ஒருக்களித்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே இதைச் செய்யலாம். எல்லாப் பட்டையையும் தாராளமாகத் தளர்த்திவிடுங்கள். மாஸ்க்கை வைத்துக்கொண்டு படுங்கள். மெஷினை ஓட்டுங்கள். காற்று வரும்போதே மாஸ்க்கைக் கையால் முகத்திலிருந்து அரை அங்குலம் முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்பி உட்கார விடுங்கள். நசுங்கிக் கிடக்கும் இதழ் அப்போதுதான் உப்பும். அதன் பிறகு கீழ்ப் பட்டையை இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம், அப்புறம் மேல் பட்டையைக் கொஞ்சம். கசிவு நின்ற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையாவிட்டால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மெஷின் என்றால், படுக்கும்போது 5இல் இருக்கும். விடியற்காலை கனவுத் தூக்கத்தில் தடை கூடும்போது 11, 12 என்று ஏறிவிடும். ராத்திரி பத்து மணிக்குப் பொருந்திய மாஸ்க் நாலு மணிக்குப் பொருந்தாது. பல மெஷின்களில் மாஸ்க் பொருத்தத்தைச் சோதிக்கவென்றே ஒரு வசதி உண்டு. அதைத் தட்டினால் சிறிது நேரம் கூடுதல் அழுத்தத்தில் ஊதும். அந்த அழுத்தத்தில் சரிபாருங்கள்.

கட்டிலில் படுக்கவைத்துப் பட்டையைத் தளர்த்தியதும் ஆண்ட்டிக்குப் பாதிக் கசிவு போய்விட்டது. மீதியில் பெரும்பகுதி சைஸ் கோளாறு. 'பெரிசா இருந்தா வசதி' என்று ஒரு சைஸ் கூட வாங்கியிருக்கிறார். செருப்பு வாங்கும் புத்தி. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு அளவுத் தாளை முகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சைஸுக்கு நடுவில் நின்றால் சின்னதையே முதலில் போட்டுப் பார்ப்பேன். பெரிய மாஸ்க்கின் மேல் ஓரம் கண்ணுக்கு அருகே ஏறிவிடும்.

இன்னொரு காரணமும் மிச்சமிருந்தது. அவர் தலையிலிருந்து வந்த தேங்காயெண்ணெய் வாசனை.

நம் வீடுகளில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தலைக்கு எண்ணெய், முகத்துக்கு நைட் க்ரீம், சளி பிடித்தால் மூக்கைச் சுற்றி விக்ஸ், உதடு வெடித்தால் வாசலின், எதற்கெடுத்தாலும் ஜாம்-பக் களிம்பு. எண்ணெய்ப் பசையில் சிலிக்கான் வழுக்கும். நாளடைவில் பிசுபிசுத்து வடிவம் கெடும். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவித் துடைத்துவிட்டு மாஸ்க் போடுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாஸ்க்கின் மெத்தையை, அதாவது முகத்தில் படும் சிலிக்கான் பகுதியை, தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில், மென்மையான பாத்திர சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொதிநீர், ஸ்பிரிட், ப்ளீச் கூடாது. பட்டையை வாரம் ஒருமுறை துவைத்தால் போதும். கழுவியும் மெத்தை மஞ்சளித்துத் தொளதொளத்தால், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எப்போது புது மெத்தை தரும் என்று கேட்டு மாற்றுங்கள். பழைய மெத்தையை இறுக்கிப் பயனில்லை.

மூக்குத்தியைக் கழற்றச் சொன்னால் சில ஆயாக்களின் முகம் மாறிவிடும். நான் கட்டாயப்படுத்துவதில்லை. நாசித் துளையில் செருகும் குட்டி மாஸ்க் அவர்களுக்கு ஒத்துவராது, உள்ளே திருகாணி உரசும். மூக்கு முழுவதையும் சுற்றி உட்காரும் மாஸ்க்கில் மூக்குத்தி குழிக்குள் போய்விடுவதால் பிரச்சினை இல்லை. மீசைக்காரர்களுக்கு நேர்மாறு. மேலுதட்டில் படியும் மாஸ்க் மீசை மயிர் வழியாகக் கசியும். நாசித் துளையில் நிற்கும் வகை பெரும்பாலும் தப்பிக்கும். காவடி விரதத்துக்காகச் சவரம் செய்யாமல் இருப்பவர்கள், நேற்றுவரை சரியாக இருந்த மாஸ்க் திடீரென்று கசிகிறது என்று தைப்பூசத்துக்கு முன்னால் போன் செய்வார்கள். தாடிதான் காரணம். ஒரு தடவை மவுண்ட் எட்ஜ்கோம்பில் காவடி எடுத்து அலகு குத்திக்கொண்டவர் ஒருவர், அன்று இரவு மாஸ்க் போடலாமா என்று கேட்டார். அவருடைய பெரிய மாஸ்க்கின் கீழ் ஓரம் கன்னத்தில் குத்திய இடத்திலேயே உட்கார்ந்தது. ஆறும்வரை சில நாள் மூக்குக்கு மட்டுமான சின்ன மாஸ்க் கொடுத்துச் சமாளித்தோம்.

பல்செட் போடுபவர்கள் இதைக் கவனியுங்கள். பல்லோடு வந்து அளவு கொடுத்துவிட்டு, இரவில் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டால் கன்னம் உள்வாங்கும், மாஸ்க் தொளதொளக்கும். தூங்கும்போது எப்படி இருப்பீர்களோ அப்படியே அளவு கொடுங்கள்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் பயமான விஷயம். டோங்காட்டிலிருந்து வந்த ஒரு தாத்தா மாஸ்க்கின் முன்பக்கத்தில் இருக்கும் சின்னத் துளைகளைப் பிளாஸ்டர் போட்டு அடைத்து வைத்திருந்தார். "அதிலேதான் காத்து வருது, கிழவி மூஞ்சியிலே அடிக்குதாம்." அந்தத் துளைகள் கசிவே இல்லை. நாம் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறும் வழி அது. அதை அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும். எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். காற்று பக்கத்தில் படுப்பவர் மேல் அடித்தால், அதைச் சிதறவிடும் வகை மாஸ்க் கேளுங்கள், இல்லை படுக்கும் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தாத்தா வீட்டில் இரண்டாவதுதான் நடந்தது.

அந்தத் துளைக் காற்றைக் கழித்துவிட்டு மீதிக் கசிவை மட்டும் காட்டும் மெஷின்கள் உண்டு; மொத்தத்தையும் சேர்த்துக் காட்டுபவையும் உண்டு. முதல் வகையில் பரவலாகப் புழங்கும் ஒன்றில் நிமிடத்துக்கு 24 லிட்டர் வரை கசியலாம் என்பது எல்லை. அதனால் உங்கள் எண்ணை மச்சான் வீட்டு மெஷினின் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். மெஷினில் மாஸ்க் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால், மாஸ்க்கை மாற்றியதும் அதையும் மாற்றுங்கள்.

காந்தக் கொக்கி வைத்த மாஸ்க்குகள் இருட்டில் கழற்றி மாட்ட வசதிதான். ஆனால் உங்களுக்கோ, உங்கள் பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவியோ, தலையில் உலோக கிளிப்போ பொருத்தியிருந்தால் அந்த வகை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாய் உலர்ந்து எழுகிறவர்கள் மாஸ்க்கைக் குறை சொல்லும் முன் மூக்கைப் பார்க்க வேண்டும். மூக்கடைப்பு இருந்தால் வாய் திறக்கும், மூக்கு மாஸ்க்கின் காற்றெல்லாம் வாய் வழியாக ஓடிவிடும். அடைப்புக்கு மருந்து, மெஷினில் சூடான ஈரப்பதம், இரண்டையும் பார்த்த பிறகுதான் வாயையும் மூடும் மாஸ்க்குக்குப் போவேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போல உள்நாட்டில் இருப்பவர்களுக்கு ஜூலைக் குளிரில் குழாயில் தண்ணீர் கோத்துக் களகளவென்று சத்தம் வரும். குழாய்க்குத் துணி உறை போட்டால் குறையும். லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) பயத்தில் பேட்டரி வாங்கி வைத்திருப்பவர்கள், பேட்டரியில் ஓடும்போது அந்தச் சூட்டை அணைத்துவிடுங்கள். மின்சாரத்தை அதிகம் தின்பது அதுதான்.

ஆண்ட்டிக்கு ஒரு சைஸ் குறைத்துக் கொடுத்தோம். ஆனால் உடனே இல்லை. புண் ஆறுவதற்காக முதல் பத்து நாள் மூக்குத்தண்டைத் தொடாத வேறு வகை. பிறகு ஒரு மாலை முழுக்கக் கட்டிலில் படுத்து, புரண்டு, புதியதைச் சரிபார்த்தார். நடுவில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டார், குறட்டை இல்லாமல். பழைய மாஸ்க்கை எடுத்துப்போக மறுத்துவிட்டார். அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பட்டையை இழுத்துக்கொண்டே யாராவது உள்ளே வந்தால், கண்ணோரத்தில் மடிந்து மடிந்து கோடு விழுந்த அந்த இதழைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.