ஐ.ஆர்.எஸ். கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு

நியூ ஜெர்சியில் வரிக்கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். மூன்று வருடம் முன்பு ஒருவர் மளிகைக்கடைப் பையோடு வந்தார். உள்ளே அமெரிக்க மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அனுப்பிய பதினொரு கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

வேலை போய்விட்டது. வாடகைக்காக 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்திருக்கிறார். 59½ வயதுக்கு முன் எடுத்தால் அது வருமானத்தில் சேரும், பெரும்பாலும் 10 சதவீதம் கூடுதல் வரியும் விழும். கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்துவிட்டார், கட்டத்தான் பணமில்லை.

"ஜெயிலா சார்?" என்றார் முதலில். இல்லை. கட்ட முடியாமல் போவது குற்றமே இல்லை.

கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினோம். கடைசியில் இருந்தது சி.பி.504, பாக்கியைக் கட்டாவிட்டால் பறிமுதல் செய்வோம் என்று எச்சரிக்கும் கடிதம். அதன் பிறகு வரும் இறுதி அறிவிப்பில்தான் அசலான ஆபத்து. 30 நாளுக்குள் மேல்முறையீட்டு விசாரணை கேட்காவிட்டால் சம்பளத்திலும் வங்கிக் கணக்கிலும் கை வைப்பார்கள்.

இந்த நிலையில் கேட்க வேண்டியது 'கரன்ட்லி நாட் கலெக்டிபிள்'. அதாவது, இவரிடம் இப்போதைக்கு வசூலிக்க முடியாது என்று கணக்கை நிறுத்தி வைப்பது. 433-எஃப் படிவத்தில் வரவு, செலவு, சொத்து மூன்றையும் காட்ட வேண்டும். சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் நாடு முழுக்க ஒரே அளவு வைத்திருக்கிறார்கள். வாடகைக்கும் கார் ஓட்டும் செலவுக்கும் இடத்துக்கு இடம் உச்சவரம்பு உண்டு. ஊரிலிருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம்? நமக்கு அதைவிட அவசியச் செலவு எது! ஆனால் படிவத்தில் அது லேசில் ஏறாது.

அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கோயம்புத்தூர்ல ஒரு மனை இருக்கு. அதையும் சொல்லணுமா?"

சொல்லியே ஆகணும். இந்தியாவில் இருந்தாலும் சொத்து சொத்துதான். மறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், அதுவரை இல்லாத குற்றம் அங்கேதான் பிறக்கிறது. அவருடையது அண்ணனோடு பாகம் பிரிக்காத மனை. இப்போதைக்கு விற்க வழியில்லை என்று பத்திர நகலோடு விளக்கினோம். போனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு இசையைக் கேட்ட பிறகுதான் இதெல்லாம். சரி, நிறுத்தி வைத்தார்கள்.

இதைத் தள்ளுபடி என்று நினைத்துவிட வேண்டாம். வட்டி தினமும் ஏறும். தாமத அபராதம் மாதம் அரை சதவீதம், பறிமுதல் எச்சரிக்கை வந்து 10 நாளுக்குப் பிறகு ஒரு சதவீதம்; மொத்தம் 25 சதவீதம் வரை போகும். ரீஃபண்ட் வந்தால் பாக்கிக்கு எடுத்துக்கொள்வார்கள். சொத்தின் மேல் பாக்கிக்கான பற்றுரிமையும் (லீன்) பதியலாம். வருமானம் கூடினால் அடுத்த வருடக் கணக்கிலேயே தெரிந்துவிடும், வசூல் மறுபடி தொடங்கும். மாநில வரி பாக்கி இருந்தால் அதைத் தனியாகப் பேச வேண்டும்.

அனுகூலமும் இருக்கிறது. வரி விதித்த நாளிலிருந்து வசூலுக்குப் பொதுவாக 10 வருடக் கெடு. நிறுத்தி வைத்த காலத்திலும் அந்தக் கடிகாரம் ஓடும். குறைத்துக் கட்டும் சமரச விண்ணப்பம் போட்டால், அது பரிசீலனையில் இருக்கும்வரை கடிகாரம் நின்றுவிடும். வரி பாக்கியைக் குறைத்துத் தருகிறோம் என்று வரும் ரேடியோ விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று: பாக்கி பெருந்தொகையானால் அமெரிக்கக் குடிமக்களின் பாஸ்போர்ட்டுக்கே சிக்கல் வரும். கஷ்டத்தை ஏற்று நிறுத்தி வைத்த கணக்கை அந்தச் சிக்கலுக்குரிய பாக்கிகளில் சேர்ப்பதில்லை.

அவருக்கு இப்போதும் வருடம் ஒரு நினைவூட்டல் கடிதம் வருகிறது, தொகை கொஞ்சம் ஏறியபடி. அன்றைக்கே பிரித்து, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்.