ஸ்லைடரை எடுங்கள், ஆர்டர் ஃபார்மைப் பாருங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் டைல்ஸ், பலகாரம், கண்டாங்கிச் சேலை விற்பவர்களுக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து வெப் ஆப் செய்து தருகிறார்கள். என்னிடம் சோதிக்க வரும் ஆப்களில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். இந்த வாரமும் ஒன்று வந்தது. திறந்ததும் வீடியோவில் முற்றம் ஓடுகிறது, ஸ்லைடரில் டைல் படங்கள் சுழன்று சுழன்று வருகின்றன. ஆர்டர் பட்டனை இரண்டு தரம் தட்டினால் இரண்டு ஆர்டர் விழுகிறது. எத்தனை தடவைதான் சொல்வது!

“பளிச்சென்று இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்” என்பார்கள். தயவுசெய்து இந்த நினைப்பை விடுங்கள். வாங்க வந்தவர் தேடுவது அளவு, விலை, எப்போது வந்து சேரும், உடைந்தால் யார் பொறுப்பு. இவை கண்ணில் பட்டால் நம்பிக்கை தானே வரும். எளிமையான பக்கம் என்றால் வேலை குறைவு என்றும் எண்ண வேண்டாம். அனிமேஷனுக்குப் போகும் உழைப்பு அங்கே கணக்கிலும் பிழைச் செய்தியிலும் போகிறது.

ஆத்தங்குடிக் கல்லையே, அதாவது அந்த ஊர்த் தரை டைலையே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்குத் தெரிந்தது சதுர அடி, பட்டறையில் எண்ணுவது கல். 100 சதுர அடிக்கு 8 அங்குலக் கல் 225, 10 அங்குலக் கல் 144. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து முழு எண்ணாக மேலேற்றினால் 237, 152. கையால் வார்ப்பதால் தொகுதிக்குத் தொகுதி நிறம் லேசாக மாறும். குறைந்துபோன பத்துக் கல்லைப் பிறகு வாங்கினால் தரையில் தனியாகத் தெரியும். ஆகவே அந்த ஆப்பில் முதலில் வர வேண்டியது இந்தக் கணக்குப் பெட்டி. இந்த வாரம் வந்ததில் அதுதான் இல்லை.

இரட்டை ஆர்டருக்குப் பட்டனை முடக்கினால் மட்டும் போதாது. சிக்னல் விட்டு வந்தால் போன் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பக்கூடும். ஃபார்ம் திறக்கும்போதே தனி எண் ஒன்று கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸ் ஏற்காதபடி யுனீக் கட்டுப்பாடு வையுங்கள்.

தட்டினால் கீழே விரியும் பட்டியலை (டிராப்டவுன்) சொந்தமாக வரையாதீர்கள். பிரவுசரின் செலக்ட் பெட்டி கீபோர்டுக்கும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கும் தானாகவே வேலை செய்யும். உள்ளீட்டுப் பெட்டியில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். தமிழ் வரிகளுக்கு வரி உயரம் 1.6 கொடுங்கள், எழுத்து இடைவெளியைத் தொடவே வேண்டாம். படம் 1200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) வடிவம், 150 கேபிக்குள். அகலமும் உயரமும் குறிப்பிடாவிட்டால் படம் வந்ததும் பட்டன் கீழே நழுவும், விரல் வேறெங்கோ படும். குரோமின் டெவலப்பர் டூல்ஸில் இணைய வேகத்தை ஸ்லோ 4ஜிக்குக் குறைத்துப் பார்க்காமல் யாருக்கும் இணைப்பை அனுப்பாதீர்கள்.

சின்ன அணிக்கு இன்னொரு சிக்கல்: ஸ்லைடருக்காக வேறொருவர் எழுதிய நிரல் தொகுப்பை (லைப்ரரி) சேர்த்தவர் வேலை மாறிப் போவார், தீபாவளிப் பலகார ஆர்டர் குவியும் வாரத்தில் அது ஏதாவது அப்டேட்டில் உடையும், சரிசெய்ய ஆள் இருக்காது. அந்த லைப்ரரியை இப்போதே எடுத்துவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் டேட்டாபேஸ் பேக்கப்பை வேறொரு கணினியில் ஒரு தரம் ரீஸ்டோர் செய்து, கடைசி ஆர்டர் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.