மலைச்சரிவில் வீடு: முதலில் நீருக்கு வழி

இலங்கையின் மலையகத்தில் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே ஒதுக்குப்புறமாக ஒரு வீடு கட்ட நினைப்பவர் முதலில் தேடுவது நல்ல காட்சியைத்தான். ஆனால் அந்த வீடு நிலத்தோடு ஒத்துப்போகுமா என்பதைத் தீர்மானிப்பது, மழைநீர் அந்தச் சரிவில் எப்படி இறங்குகிறது என்பதே.

சரிவில் மண் நிற்பது துகள்களுக்கு இடையிலான உராய்வினாலும் பிடிப்பினாலும் ஆகும். அடைமழையில் துகள்களின் இடைவெளிகளை நீர் நிரப்பும்போது, அந்நீரின் அழுத்தம் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கும் விசையைக் குறைப்பதால் உராய்வு தளர்கிறது. மண்ணின் எடையோ கூடுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை (தோட்டத் தொழிலாளரின் தொடர் வீடுகளை) புதைத்த மண்சரிவும் கனமழையைத் தொடர்ந்தே நிகழ்ந்தது.

சரிவைக் குடைந்து தளம் அமைப்பது, மேலுள்ள மண்ணைத் தாங்கி நின்ற அடிப்பகுதியை அகற்றுவதாகும். வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டிச் சமப்படுத்தினால், வீட்டின் பின்பாதி இறுகிய மண்ணிலும் முன்பாதி தளர்ந்த மண்ணிலும் நிற்கும். முன்பாதி மெல்ல அமிழ, சுவரில் சாய்வாக வெடிப்பு விழும். ஒடுக்கமான வீட்டை அதன் நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்கே அமையுமாறு, படிப்படியாகவோ தூண்கள் மீதோ கட்டினால் வெட்டவேண்டிய மண் வெகுவாகக் குறையும்.

100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் நீர் சேரும். பரவலாக விழுந்திருக்கவேண்டிய அவ்வளவு நீரும் பீலியின் ஒரு முனையில் கொட்டினால், அந்த இடத்து மண் அரித்துப் போகும். வீட்டுக்கு மேற்புறம் மெல்லிய சாய்வோடு குறுக்குக் கான் வெட்டி, கூரை நீரையும் சேர்த்து, கல் பதித்த வாய்க்கால் வழியே இயற்கை ஓடையில் விடவேண்டும். தோட்டத்தில் கான் வெட்டியவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. வரைபடம் வரைபவர்கள்தான் சில வேளை மறந்துவிடுகிறார்கள். மலசலகூடக் குழியையும் வீட்டுக்கு மேற்புறச் சரிவில் வைக்கக் கூடாது.

குளிரும் இடத்துக்கு இடம் மாறும். 1,000 மீற்றர் உயரத்துக்கு வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். எனினும் தெளிவான இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குவதால், நுவரெலியாவில் துகள்பனி தாழ்ந்த வெளிகளில்தான் அதிகம் படிகிறது. நடுச்சரிவு வீடு சற்றுக் கதகதப்பாக இருக்கும். பிற்பகலில் முகில் மூடும் இடங்களில் காலை வெயிலைப் பிடிக்கும் கிழக்குச் சன்னல் பெரிதும் உதவும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வாங்கும் மஸ்கெலியாவுக்கு வரைந்த இறவாரம், வடகீழ்ப் பருவமழை நனைக்கும் பதுளைக்குப் பொருந்தாது.

காணி வாங்குமுன் அதை மழைக்காலத்தில் நடந்து பார்க்கவேண்டும். அடிமரம் வளைந்த சவுக்கு மரங்கள், புதிதாகக் கசியும் ஊற்று, நிலத்தில் பிறை வடிவ வெடிப்பு ஆகியவை தென்பட்டால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீடு கைக்கு வரும்வரை முற்பணம்கூடக் கொடுக்கக் கூடாது.